ஏழ்மை எனும் உடுப்பு: ‘கருக்கு’வை மதுரையிலிருந்து வாசித்தல்

பாமாவின் ‘கருக்கு’ 1992இல் மதுரையில் வெளிவந்தது. அதை வெளியிட்ட சமுதாய சிந்தனை செயல் ஆய்வு மையம் இயேசு சபைக் குருக்கள் நடத்துவது. கன்னியர் மடத்தை விட்டு வெளியேறிய ஒரு தலித் பெண் அந்த மடத்தைப் பற்றிச் சொன்னதைத் துறவிகளின் அமைப்பு ஒன்றே அச்சிட்டது. இதைத் திருச்சபையின் பெருந்தன்மைக்கு உதாரணமாகச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு இந்தச் செய்தி வேறொன்றை நினைவூட்டுகிறது. அதே இயேசு சபையைச் சேர்ந்த இராபர்ட் தெ நொபிலி 1606இல் இதே ஊருக்கு வந்து, கொஞ்ச காலத்தில் கறுப்பு அங்கியைக் கழற்றிவிட்டுக் காவி உடுத்தினார். இரண்டு நிகழ்வுக்கும் நடுவே 386 ஆண்டுகள். அவர் உடுத்திக்கொண்டதையும் இவர் கழற்றிப் போட்டதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும் என்பதுதான் இந்தக் கட்டுரையின் ஆசை.

‘கருக்கு’ பற்றி வழக்கமாகச் சொல்லப்படுவது இது: போலித்தனத்தைத் தோலுரித்த புத்தகம். வெளியே துறவு, உள்ளே சாதி. வாயில் ஏழ்மை, சாப்பாட்டு மேசையில் விதவிதமான பதார்த்தம். உண்மையான கிறிஸ்தவ குணம் ஒன்று, அந்தஸ்தும் பகட்டும் வேறொன்று. முதலாவதைக் கைவிட்டு இரண்டாவதைப் பிடித்துக்கொண்டவர்களைப் பாமா அம்பலப்படுத்தினார். இந்த வாசிப்பைத் தவறென்று சொல்ல மாட்டேன். போதாது என்பேன். இது மடத்தை மிக லேசாக விட்டுவிடுகிறது. போலித்தனம் என்று சொன்னதுமே, இலட்சியம் பழுதில்லாமல் இருக்கிறது, மனிதர்கள்தான் தவறிவிட்டார்கள் என்று ஆகிவிடுகிறது. நல்லவர்கள் நாலுபேரைக் கொண்டுவந்து வைத்தால் எல்லாம் சரியாகும் என்று ஆறுதல் சொல்லிக்கொள்ளலாம். ‘கருக்கு’ அந்த ஆறுதலைத் தரும் புத்தகம் அல்ல.

யாருக்குச் சொல்லும் போதனை

நான் சிம்மக்கல்லில் குடியிருக்கிறேன். சி.எஸ்.ஐ. குடும்பத்தில் வளர்ந்தவள். புறத்தோற்றம் முக்கியமில்லை, இருதயத்தைத்தான் கர்த்தர் பார்க்கிறார் என்ற பிரசங்கத்தை எத்தனை முறை கேட்டிருப்பேன் என்று கணக்கு வைக்கவில்லை. ஆனால் அது பெரும்பாலும் எங்கே சொல்லப்பட்டது என்பது நினைவிருக்கிறது: பெண்கள் ஐக்கியக் கூட்டங்களில். அதற்கு எடுத்த வேதபகுதி அநேகமாக பேதுருவின் முதல் நிருபம் மூன்றாம் அதிகாரமாக இருக்கும். மயிரைப் பின்னுவதும் பொன்நகை அணிவதும் அலங்காரமல்ல, சாந்தமும் அமைதியுமே அலங்காரம் என்று மனைவிகளுக்குச் சொல்லும் பகுதி. ஆண்கள் கூடும் இடத்தில், அதாவது கமிட்டித் தேர்தல் நடக்கும் இடத்தில், இந்த வசனத்தை யாரும் எடுத்து நான் பார்த்ததில்லை. வெளிவேஷக்காரரை வெள்ளையடித்த கல்லறை என்று இயேசு கடிந்துகொண்ட பகுதி அதிகாரத்தில் இருந்த ஆண்களைப் பார்த்துப் பேசப்பட்டது. எங்கள் பிரசங்கங்களில் பகட்டு என்பது ஏனோ எப்போதும் பெண்ணின் கழுத்திலும் காதிலும்தான் இருந்தது.

சபை விழாக்களுக்கு எங்கள் தெருமுனையில் ஃபிளெக்ஸ் கட்டுவார்கள். மதுரையில் காதுகுத்துக்கும் கட்சி மாநாட்டுக்கும் கட்டுவது போலவே. அதில் ஆயர்கள், பொருளாளர், செயலாளர், வரவேற்புக் குழுவினர் என்று கோட்டும் சூட்டுமாக வரிசை நிற்கும். அது ஊழியத்துக்கான விளம்பரம். பெண் இரண்டு வளையல் கூடுதலாகப் போட்டால் அது உலகப்பிரகாரமானது. ஆகவே குணமா, தோற்றமா என்ற கேள்வியை எதிர்கொள்ளும்போது நான் முதலில் கேட்பது: யாருடைய தோற்றம்?

இன்னொரு கேள்வியும் உண்டு. புறத்தோற்றத்தை அலட்சியம் செய்ய யாருக்கு முடியும்? திருவிதாங்கூரில் நாடார் கிறிஸ்தவப் பெண்கள் மார்பை மூடும் உரிமைக்காக 1820களிலிருந்து அடிபட்டார்கள். குப்பாயம் போட்டுக்கொண்டு சந்தைக்குப் போனதற்காகத் துணி கிழிக்கப்பட்டார்கள். அவர்களுக்குச் சாதகமான அரச அறிவிப்பு 1859இல்தான் வந்தது. அதிலும் உயர்சாதிப் பெண்களைப் போலவே உடுத்தக் கூடாது என்ற நிபந்தனை இருந்தது. அந்தப் பெண்களிடம் போய் துணி வெறும் வெளிவேஷம், உள்ளம்தான் முக்கியம் என்று யாரால் சொல்ல முடியும்? தோற்றம் மறுக்கப்பட்டவளுக்குத் தோற்றம் ஆடம்பரம் அல்ல. அது மனுஷியாக எண்ணப்படுவதற்கான கட்டணம்.

‘கருக்கு’வில் இந்தக் கட்டணம் பற்றிய ஓர் இடம் உண்டு. கல்லூரியின் கடைசி ஆண்டில் வகுப்பு மாணவிகள் விருந்து வைக்கிறார்கள். எல்லோரும் நல்ல சேலை உடுத்தி வருவார்கள். பாமாவிடம் அப்படி ஒரு சேலை இல்லை. கேட்டு வாங்கவும் மனம் வரவில்லை. விருந்து முடியும்வரை குளியலறைக்குள் கதவடைத்துக்கொண்டு இருந்துவிடுகிறார். எளிமையே அழகு என்று நாம் படித்துவிட்டுப் போகும் இடம் இதுவல்ல. எளிமையாக இருப்பதற்கும் பெட்டியில் ஒரு பட்டுச்சேலை வேண்டும். வைத்திருந்தும் உடுத்தாதவள் எளிமையானவள். இல்லாதவள் வெறும் இல்லாதவள். அவளுடைய குணத்தைப் பற்றி அங்கே யாரும் விசாரிக்கப் போவதில்லை.

காவி உடுத்திய சாமியார்

நொபிலி வந்தபோது மதுரையில் ஏற்கெனவே கொன்சாலோ பெர்னாண்டஸ் என்ற போர்த்துக்கீசியக் குரு இருந்தார். முத்துக்குளித்துறையிலிருந்து வந்து போகும் பரதவக் கிறிஸ்தவர்களுக்காக ஒரு சிறு கோவிலும் இருந்தது. ஊரின் மேல்சாதியினர் யாரும் அந்தப் பக்கம் வரவில்லை. வெள்ளைக்காரர்களின் மார்க்கம் ‘பரங்கி’ மார்க்கம், தீட்டு என்று அவர்கள் கருதினார்கள். நொபிலி காரணத்தைப் புரிந்துகொண்டார். பெர்னாண்டஸிடமிருந்து பிரிந்து தனி இடத்தில் தங்கினார். காவி, சந்தனம், பாதக்குறடு, சில காலம் பூணூல். சைவச் சாப்பாடு, பிராமணச் சமையல்காரர். தாம் பரங்கி அல்ல, ரோமாபுரியின் உயர்குடியில் பிறந்தவர் என்று சொன்னார். தமிழும் வடமொழியும் ஆழக் கற்றார். தத்துவ போதகர் என்று பெயர் பெற்றார். பெர்னாண்டஸ் மேலிடத்துக்குப் புகார் எழுதினார். வழக்கு கோவாவுக்கும் ரோமுக்கும் போய், பூணூலும் குடுமியும் சந்தனமும் சமூக அடையாளங்கள், மூடநம்பிக்கை கலக்காமல் அவற்றைக் கிறிஸ்தவர்கள் வைத்துக்கொள்ளலாம் என்று 1623இல் பாப்பரசர் பதினைந்தாம் கிரகோரி அனுமதி கொடுத்தார்.

தமிழ் உரைநடை வரலாற்றில் நொபிலிக்கு உள்ள இடத்தை நான் மறுக்கவில்லை. பண்பாட்டைப் புரிந்துகொண்ட மிஷனரி என்று அவரைக் கொண்டாடுவதன் விலை என்ன என்றுதான் கேட்கிறேன். துறவின் அடையாளம் இங்கே அந்தஸ்தின் அடையாளமாக வேலை செய்தது. காவி என்பது எல்லாவற்றையும் விட்டதன் குறி. ஆனால் அவர் அதை உடுத்தியது, யாரோடு இருந்தால் மதிப்புக் குறையுமோ அவர்களிடமிருந்து தம்மைப் பிரித்துக் காட்ட. 1640 முதல் ஒடுக்கப்பட்ட சாதியினருக்கென்று பண்டாரசாமிகள் என்ற தனிவகைக் குருக்கள் ஏற்பட்டார்கள். ஒரே சுவிசேஷத்துக்கு இரண்டு உடுப்பு. வடக்கன்குளத்தில் சாதிக்கொரு பக்கமாக, கால்சட்டை போல இரண்டாகப் பிரிந்து பீடத்தில் சேரும்படி கட்டிய கோவிலும், திருச்சி மேலப்புதூர் கல்லறையின் நடுவே நிற்கும் சுவரும் பின்னால் வந்தவை. அவற்றைத் தனியான விபத்துகள் என்று பார்க்க எனக்கு முடியவில்லை.

இந்தக் கதையில் பெண்கள் எங்கே என்று கேட்டால், பதில் சுருக்கமானது. சாதி வழக்கம் வெறும் சமூக வழக்கம்தான் என்று ரோம் தீர்மானித்தபோது, அந்த வழக்கத்தைத் தினமும் சமையலறையிலும் கிணற்றடியிலும் சுமந்தவர்களை யாரும் கேட்கவில்லை. பாமா எழுதும் பாட்டி நாயக்கர் வீட்டுத் தொழுவில் வேலை செய்கிறாள். மிச்சச் சோறு அவள் பாத்திரத்தில் படாமல் மேலிருந்து போடப்படுகிறது. தண்ணீர் உயரத்திலிருந்து கையில் ஊற்றப்படுகிறது. அந்த உயரம்தான் 1623இல் சமூக வழக்கம் என்று பெயர் பெற்றது.

வாக்குக் கொடுத்த ஏழ்மை

கத்தோலிக்கத் துறவிகள் மூன்று வார்த்தைப்பாடுகள் கொடுக்கிறார்கள்: ஏழ்மை, கற்பு, கீழ்ப்படிதல். ‘கருக்கு’வின் மையமான கண்டுபிடிப்பு முதலாவதைப் பற்றியது. அதைப் பாமா தத்துவமாகச் சொல்லவில்லை, கண்டதைச் சொல்கிறார். வத்திராயிருப்புக்குப் பக்கத்துப் புதுப்பட்டியில், விறகு சுமந்தும் காட்டுவேலை பார்த்தும் பிழைத்த வீட்டில் வளர்ந்தவர். ஆசிரியை வேலையில் இருந்தவர். தன்னைப் போன்ற பிள்ளைகளுக்கு உழைக்கலாம் என்று நம்பி, அந்தச் சம்பளத்தை விட்டுவிட்டு மடத்தில் சேர்கிறார். சேர்ந்த பிறகு பார்த்தால், ஏழ்மை வார்த்தைப்பாடு கொடுத்த இடத்தில்தான் அவர் தன் வாழ்நாளிலேயே மிக வசதியாக இருக்கிறார். பெரிய கட்டடம், நேரத்துக்குச் சாப்பாடு, எதிரே வருபவர்களின் வணக்கம். பள்ளிக்கூடமோ பணக்காரப் பிள்ளைகளுக்கானது. தலித் பிள்ளைகள் அங்கே கூட்டிப் பெருக்கும் இடத்தில் இருக்கிறார்கள்.

வசதியான வீட்டிலிருந்து வருகிறவளுக்கு ஏழ்மை வார்த்தைப்பாடு ஓர் இறக்கம். குறைந்தபட்சம் இறக்கம் போலத் தெரியும். சேரியிலிருந்து வந்தவளுக்கு அது ஏற்றம். யார் இறங்குவார்கள் என்று மனதில் வைத்து இந்த வார்த்தைப்பாடு எழுதப்பட்டது என்பதை அந்த ஏற்றம் காட்டிக்கொடுக்கிறது. ஏற்கெனவே ஏழையாக இருப்பவள் அதன் கணக்கில் இல்லை. பயிற்சிக் காலத்தில் ஒரு சிஸ்டர், சில சபைகளில் அரிசனப் பெண்களைச் சேர்ப்பதில்லை என்று சொன்னதைப் பாமா பதிவு செய்கிறார். தன் சாதி தெரிந்தால் என்ன ஆகும் என்ற பயத்தோடே அவர் நாட்களைக் கழிக்கிறார். குளியலறையில் ஒளிந்த மாணவிக்கு நல்ல சேலை இல்லை. மடத்தில் எல்லோருக்கும் ஒரே உடுப்பு. உடுப்பு ஒன்றானால் வித்தியாசம் மறையும் என்றால் இங்கே மறைந்திருக்க வேண்டும். மறையவில்லை. தோற்றத்தைச் சமமாக்கிய பிறகும் சாதி தன் கேள்வியைக் கேட்கிறது.

மடத்தை விட்டு வெளியே வரும்போதுதான் அவர் அந்த வார்த்தைப்பாட்டைக் காப்பாற்றுகிறார் என்று நான் வாசிக்கிறேன். ஏழாண்டுகளுக்குப் பிறகு வேலை இல்லை, சேமிப்பு இல்லை, புருஷன் இல்லை. மடத்தை விட்டு வந்தவள் என்ற பேச்சும் சேர்ந்துகொள்கிறது. தனியாக ஒரு பெண் பேருந்தில் ஏறினாலும் வாடகைக்கு வீடு கேட்டாலும் அவள் யாருடையவள் என்று ஊர் விசாரிக்கிறது. புத்தகம் இந்தத் தத்தளிப்பை மறைக்கவில்லை. வெற்றிப் பெருமிதம் எங்கும் இல்லை. திரும்பி வந்த இடத்தில் என்ன செய்வது என்று தெரியாத பயம்தான் இருக்கிறது. துறவு என்ற சொல்லுக்கு அர்த்தம் இருக்குமானால் அது இங்கே இருக்கிறது. அதற்குத் திருச்சபையில் சடங்கும் இல்லை, உடுப்பும் இல்லை.

எந்தக் குணம், யாருடைய குணம்

‘கருக்கு’ இரண்டு குரலில் பேசுகிறது. ஒரு குரல் ஏமாந்தவளின் குரல். இயேசு சொன்னது ஒன்று, இவர்கள் செய்வது ஒன்று என்கிறது. இன்னொரு குரல் அதைவிட ஆழமாகப் போகிறது. கடவுள் அன்பானவர், பொறுமையானவர், மன்னிப்பவர், கீழ்ப்படிந்தவர் என்றே தனக்குக் கற்பிக்கப்பட்டது, அவர் நீதியானவர், அநியாயத்தைக் கண்டு கோபப்படுபவர் என்று யாரும் சொல்லித்தரவில்லை என்று பாமா சொல்லும் இடம் அது. முதல் குரல் குணம் இல்லை என்று குறைப்படுகிறது. இரண்டாவது குரல், குணம் என்று நமக்குக் கொடுத்ததே ஒரு பட்டியல், அதைத் தயாரித்தவர்கள் யார் என்று கேட்கிறது.

அந்தப் பட்டியலை நானும் மனப்பாடமாக அறிவேன். சாந்தம், தாழ்மை, பொறுமை, அடக்கம். கிறிஸ்தவக் குணம் என்று எங்கள் வீடுகளில் சொன்னது எல்லாம் நல்ல மருமகளுக்கும் நல்ல வேலைக்காரிக்கும் வேண்டிய குணங்கள். தைரியம், நேர்மையான கோபம், கணக்குக் கேட்பது ஆகியவை அந்தப் பட்டியலில் வராது. ஆணுக்கு அவை தலைமைப் பண்பு என்ற பெயரில் வரும். மேல்சாதி ஆண் தாழ்மையாக நடந்தால் அது குணம். தலித் பெண் தாழ்மையாக நடந்தால் அதை யாரும் கவனிப்பதுகூட இல்லை, அவள் அப்படித்தான் இருக்க வேண்டும். அவள் நிமிர்ந்தால்தான் கவனிப்பார்கள், திமிர் என்று.

பள்ளியில் தேங்காய் திருடியதாகப் பாமா மேல் பழி விழுகிறது. குருவிடம் போய் முறையிட்டால், சேரிப் பிள்ளைதானே, செய்திருப்பாய் என்ற தொனியில் பதில் வருகிறது. குணம் உள்ளுக்குள் இருக்கிறது, கடவுள் மட்டுமே பார்க்கிறார் என்பது போதனை. நடைமுறையில் ஒரு சிறுமியின் குணத்தை அவள் தெருவின் பெயரை வைத்து ஒரு நிமிடத்தில் தீர்மானித்துவிடுகிறார்கள். ஆகவே குணமும் அந்தஸ்தும் எதிரெதிர் அல்ல. இந்த ஊரில் குணம் என்பதே அந்தஸ்து உள்ளவர்களுக்கு முன்பணமாகக் கொடுக்கப்படுவது.

பாமாவோடு எனக்கு ஒரு கருத்து வேறுபாடு உண்டு. ‘கருக்கு’ மடத்துச் சகோதரிகளைப் பெரும்பாலும் அதிகாரத்தின் முகமாகவே பார்க்கிறது. அதற்கு எல்லா நியாயமும் உண்டு. ஆனால் அந்தச் சகோதரிகள் பூசை வைக்க முடியாதவர்கள், பாவசங்கீர்த்தனம் கேட்க முடியாதவர்கள், ஆயருடைய ஒப்புதல் இன்றி ஒரு மறைமாவட்டத்தில் புதிதாக ஒரு மடம்கூடத் திறக்க முடியாதவர்கள். அவர்களுடைய அந்தஸ்து இரவல். இரவல் அந்தஸ்தைக் காப்பாற்றப் பெண்கள் தங்களுக்குக் கீழே இருப்பவர்கள்மீது கூடுதல் கறாராக இருப்பதை மாமியார் வீட்டிலும் பார்க்கிறோம், மடத்திலும் பார்க்கிறோம். மேலே ஆண் இருக்கிறான் என்பதால் சாதிப் பெண்ணின் கொடுமை மன்னிக்கப்படாது. ஆனால் மேலே இருப்பவனைச் சட்டகத்துக்குள் கொண்டுவராமல் படம் முழுமை பெறாது.

1994இல் வந்த ‘சங்கதி’ இந்த இடத்தைத்தான் நிரப்புகிறது என்று நினைக்கிறேன். அங்கே பேசுவது ஊர்ப் பெண்கள். பறையர் பெண்களுக்கு இருந்த தீர்த்துக்கொள்ளும் வழி, கிறிஸ்தவர்களானபின் அடைபட்டுப்போனது என்பதை அவர்கள் பேச்சு வெளிப்படுத்துகிறது. அடித்தாலும் மிதித்தாலும் கோவிலில் கட்டியது கட்டியதுதான். இது ஊர்ப்பேச்சு மட்டும் அல்ல. 1869ஆம் ஆண்டின் விவாகரத்துச் சட்டப்படி கிறிஸ்தவக் கணவனுக்கு மனைவியின் பிறர்மனை உறவு ஒன்றே போதும். மனைவியோ அதோடு கொடுமையோ கைவிடலோ வேறு குற்றமோ சேர்த்து நிரூபிக்க வேண்டியிருந்தது. 2001இல்தான் சட்டம் திருந்தியது. பொறுமை என்ற கிறிஸ்தவக் குணத்துக்குப் பின்னால் நூற்று முப்பது ஆண்டுகள் சட்டமும் நின்றது. பொறுத்தவள் குணசாலி, பொறுக்காதவளுக்கு வழியில்லை. வழியில்லாததை எந்த அளவில் குணம் என்று சொல்வது?

புத்தகமும் ஓர் உடுப்பாகும்போது

லட்சுமி ஹோம்ஸ்ட்ரோமின் ஆங்கில மொழிபெயர்ப்பு 2000இல் வந்து கிராஸ்வேர்ட் விருது பெற்றது. இன்று ‘கருக்கு’ பல பல்கலைக்கழகங்களில் பாடம். திருச்சபைகள் நடத்தும் கல்லூரிகளிலும் பாடம். மகிழ வேண்டிய செய்திதான். ஆனாலும் ஒரு நிறுவனம் தன்மீதான விமர்சனத்தையே நல்ல பெயருக்கான சான்றிதழாக மாட்டி வைக்கக்கூடும் என்பதை நொபிலி கதைக்குப் பிறகு நாம் அறிவோம். சாதியைக் கண்டித்த நூலைச் செமினாருக்கு வைப்பது எளிது. விடுதியில் யாருக்கு இடம், ஆசிரியர் நியமனத்தில் யாருக்கு வாய்ப்பு, நிர்வாகக் குழுவில் எத்தனை தலித் பெண்கள் என்ற பட்டியலை அதே செமினார் மேடையில் வாசிப்பது கடினம். இந்திய கத்தோலிக்க ஆயர் பேரவை 2016இல் வெளியிட்ட தலித் கொள்கை ஆவணம், திருச்சபைக்குள் தீண்டாமை இருப்பதை ஒப்புக்கொண்டது. ஒப்புக்கொள்வதும் ஒரு தோற்றமாக முடியாமல் இருக்க, அதற்குப் பின்னால் எண்கள் வர வேண்டும். அரசும் இதில் கை கழுவ முடியாது. 1950ஆம் ஆண்டின் குடியரசுத்தலைவர் ஆணை, கிறிஸ்தவரான தலித்தைப் பட்டியல் சாதியில் சேர்க்க மறுக்கிறது. உங்கள் மதத்தில் சாதி இல்லையே என்பது வாதம். ஊரில் உள்ள சாதியைக் காகிதத்தில் இல்லையென்று எழுதுவது இந்த நாட்டின் மிகப் பெரிய புறத்தோற்றம்.

இதே மதுரையில், அரசரடி இறையியல் கல்லூரியில் ஆசிரியராக இருந்த தியாபிலஸ் அப்பாவு என்கிற பரட்டை (1940–2005) குணத்தை வேறு இடத்தில் தேடினார். ஒரே உலையில் பொங்கி எல்லோரும் சேர்ந்து சாப்பிடுவதில் இருக்கிறது நற்கருணை என்பது அவர் இறையியல். எனக்கு அது பிடித்திருப்பதற்குக் காரணம், அதில் குணம் உள்ளத்தில் ஒளிந்திருக்கும் பொருள் அல்ல. வெளியே, எல்லோர் கண்ணுக்கும் முன்னால், யார் பக்கத்தில் உட்கார்ந்து யார் கையால் சாப்பிடுகிறோம் என்பதில் தெரிவது. அந்த உலையை யார் பொங்குவது, பாத்திரத்தை யார் கழுவுவது என்ற கேள்வியை நாம் கூடவே சேர்த்துக்கொள்ள வேண்டும்.

உள்ளத்தைப் பார், உடுப்பைப் பார்க்காதே என்ற போதனைக்கு என் பதில், உடுப்பையும் பார் என்பது. பாட்டியின் கைக்கும் தண்ணீர்ச் செம்புக்கும் நடுவே எவ்வளவு தூரம், ஏழ்மைக்கு வாக்குக் கொடுத்தவர்கள் வீட்டுச் சாப்பாடு என்ன, ஃபிளெக்ஸில் யார் முகம், மேசையில் யார் நாற்காலி. அளக்க முடிந்ததை எல்லாம் அளக்க வேண்டும். அளந்து பார்த்தவர் என்பதுதான் பாமாவின் பெருமை. பனைமட்டையின் இரண்டு ஓரமும் அறுக்கும் என்று தெரிந்தே அவர் அந்தத் தலைப்பை வைத்தார். ஒரு பக்கம் மடத்தை அறுக்கிறது. மற்றப் பக்கம், நல்ல கிறிஸ்தவப் பெண் என்று யாராவது நம்மைப் பாராட்டும்போது உள்ளுக்குள் மகிழ்கிற நம்மை.